செக்கோயா பெருமரக்காடும் முகாம் திடல்களும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் என்னும் இரு தேசியப் பூங்காக்கள் அடுத்தடுத்து அமைந்து, ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குகின்றன. செக்கோயா பூங்காவின் மையம், ஜயண்ட் ஃபாரஸ்ட் எனப்படும் பெருமரக்காடு. தனித்தண்டு மரங்களில் கன அளவால் உலகிலேயே பெரியதான ஜெனரல் ஷெர்மன் மரம் இங்குதான் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 84 மீட்டர், அடிப்பகுதியின் சுற்றளவு 31 மீட்டர். இம்மரங்களின் அடியில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க வேண்டும் என்பது வருகிற பலருடைய ஆசை. இன்று அதற்கு இடமில்லை. ஒரு காலத்தில் நான்கு முகாம் திடல்கள் இருந்தன.

தொடக்க காலம்

மேற்கு மோனோ பழங்குடியினர் கவேயா ஆற்றின் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள். ஓக் மரக் கொட்டைகளை அவர்கள் இடித்த உரற்குழிகளை ஹாஸ்பிடல் ராக் என்ற இடத்தின் பாறைகளில் இன்றும் காணலாம். 1858-இல் ஹேல் தார்ப் என்ற கால்நடை வளர்ப்பாளரைப் பெருமரக்காட்டுக்கு அழைத்துச் சென்றவர்களும் பழங்குடியினரே. தார்ப் அங்கே விழுந்துகிடந்த உட்குடைவான ஒரு செக்கோயா மரத்தையே கோடைகால வீடாக்கிக்கொண்டார். 1875-இல் வந்த ஜான் மியூர் காட்டுக்கு இப்போதைய பெயரை இட்டார்.

1886-இல் தொடங்கிய கவேயா குடியிருப்பு என்ற சோசலிசக் கூட்டுறவு அமைப்பினர் மரம் அறுப்பதற்காக மலைமேல் சாலை வெட்டினர். இப்போது ஷெர்மன் எனப்படும் மரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கார்ல் மார்க்ஸ். 1890 செப்டம்பர் 25 அன்று தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் அவர்கள் கனவு முடிந்தது, சாலை மட்டும் எஞ்சியது. 1903-இல் கேப்டன் சார்லஸ் யங் தலைமையிலான கறுப்பினப் படைவீரர்கள் அச்சாலையைக் காடுவரை நீட்டினர். முதன்முறையாக வண்டிகள் மரங்களுக்கு அருகே வந்தன.

மரத்தடியில் ஒரு சிற்றூர்

1926-இல் ஜெனரல்ஸ் நெடுஞ்சாலை பெருமரக்காட்டை எட்டியது. மோட்டார் கார்களில் குடும்பங்கள் வந்தன. கார் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் போய், பிடித்த மரத்தின் கீழ் நிறுத்தி, அடுப்பு மூட்டினர். முகாம்களைச் சுற்றிக் கடை, உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு விடுதிகள், கழிவுநீர்க் குழாய்கள் என ஓர் ஊரே முளைத்தது.

செக்கோயாவின் வேர்கள் ஆழமாகப் போவதில்லை. மேல்மண்ணிலேயே அகலமாகப் பரவுபவை. தாவர நோயியல் அறிஞர் எமிலியோ மைனெக்கி 1920-களில் இக்காட்டை ஆராய்ந்து, ஓயாத காலடிகளும் சக்கரங்களும் மண்ணை இறுக்கி வேர்களைக் கெடுக்கின்றன என்று எச்சரித்தார். முகாமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஒருவழி வளையச் சாலை, அதிலிருந்து பிரியும் குறுகிய கார் நிறுத்தம், அதன் பக்கத்தில் நிலையான மேசையும் அடுப்பும் என அவர் 1930-களின் தொடக்கத்தில் வகுத்த அமைப்பையே அமெரிக்க முகாம்கள் பெரும்பாலும் இன்றும் பின்பற்றுகின்றன. கார் ஓட்டியவர் தன் இடத்துக்கு வெளியே போகாதபடி கல்லும் கட்டையும் தடுத்தன. எளிய யோசனைதான், ஆனால் காடுகள் பிழைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

பூங்காவின் கண்காணிப்பாளர் கர்னல் ஜான் வைட் கட்டடங்களைக் காட்டுக்கு வெளியே கொண்டுபோகப் பல ஆண்டுகள் போராடினார். விடுதி நடத்தியவர்களும், ஆண்டுதோறும் வந்து பழகிய பயணிகளும் விரும்பவில்லை. மரத்தை நேசித்தவர்களே மரத்தடியை விட்டு நகர மறுத்தார்கள் என்பதுதான் இதில் வேதனை.

பிந்தைய ஆய்வுகள் வேறொரு சிக்கலையும் காட்டின. முதிர்ந்த மரங்கள் மிதிபட்ட மண்ணையும் ஓரளவு தாங்கிக்கொண்டன, இளங்கன்றுகள்தாம் முளைக்கவில்லை. செக்கோயாவின் காய்கள் நெருப்பின் சூட்டில் விரிந்து, சருகு எரிந்து வெறுமையான மண்ணில் விதை விழுந்தால்தான் கன்று நன்றாக எழும். இப்பூங்காக்களில் 1968-இல் கட்டுப்படுத்தப்பட்ட தீ மூட்டத் தொடங்கினர். ஆனால் ஊர் நடுவே எப்படித் தீ வைப்பது? முகாம்கள் முதலில் மூடப்பட்டன. 1990-களின் இறுதியில் 282 கட்டடங்களும் 24 ஏக்கர் தார்ப்பரப்பும் அகற்றப்பட்டன. 1928-இல் கட்டப்பட்ட கடை மட்டும் விடப்பட்டு 2001 முதல் அருங்காட்சியகமாக உள்ளது.

இன்றைய முகாம்கள்

ஆகவே இப்போது இடம் தேர்வது என்பது மரத்தைச் சுற்றிய உயரங்களில் ஒன்றைத் தேர்வதுதான். பெருமரக்காட்டுக்கு மிக அருகில் உள்ளது லாட்ஜ்போல்: ஷெர்மன் மரத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், கவேயா ஆற்றின் மார்பிள் கிளைக்கரை, ஏறத்தாழ 2,040 மீட்டர் உயரம், 200-க்கும் மேற்பட்ட இடங்கள். முதல்முறை வருபவர்களுக்கு இதுவே பொருத்தம். கோடையில் பேருந்தில் காட்டுக்குப் போய்வரலாம். இங்கு இடம் கிடைக்காதவர்கள் வடக்கே டோர்ஸ்ட் கிரீக்கை நாடுவர்.

அடிவாரத்தில் சுமார் 640 மீட்டர் உயரத்தில் இருப்பது பாட்விஷா. பனி படியாத இடம்; வசந்தத்தில் இனிமை, ஜூலையில் கடும் வெயில். மேலே பெருமரக்காடுவரை சாலை வளைந்து வளைந்து ஏறுவதால் 22 அடிக்கு மேல் நீண்ட வண்டிகளை அப்பகுதியில் ஓட்ட வேண்டாமெனப் பூங்கா அறிவுறுத்துகிறது. சற்று மேலுள்ள பக்ஐ ஃபிளாட் கூடாரங்களுக்கு மட்டுமே உரியது.

எங்கே தங்கினாலும் உணவு, சோப்பு, பற்பசை உட்பட மணமுள்ள எதையும் காரிலோ கூடாரத்திலோ வைக்காமல் உலோகப் பெட்டியில் பூட்ட வேண்டும்; கருங்கரடிக்குக் கார்க்கதவு ஒரு பொருட்டல்ல. 1978-இல் பூங்காவில் சேர்ந்த மினரல் கிங் பள்ளத்தாக்கிலோ வேறொரு தொல்லை. கோடையின் தொடக்கத்தில் மார்மட் என்னும் பெரிய மலை அணில்கள் கார்களின் ரப்பர்க் குழாய்களைக் கடித்துவிடும். எனவே அங்கே காரையே தார்ப்பாயால் சுற்றிக் கட்டிவிட்டு மலையேறப் போகிறார்கள்.