பலகைக்குப் பின்னால் பன்வாரி தேவி

தோழர்களே, அலுவலகங்களில் தொங்கும் உள்ளகப் புகார் குழு பலகையின் வரலாறு ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. ராஜஸ்தானின் பதேரியில் குயவர் சாதியைச் சேர்ந்த பன்வாரி தேவி, அரசின் மகளிர் திட்டப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் ஆதிக்கசாதியினரால் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அக்குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதி ஆண் கீழ்சாதிப் பெண்ணைத் தொடமாட்டான் என்பதும் அதற்கு ஒரு காரணமாம்! நம் சேரிப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால் 1997இல் விசாகா தீர்ப்பும், பிறகு 2013 சட்டமும் வந்தன. பன்வாரியின் மேல்முறையீடோ பல்லாண்டுகள் கிடப்பில் கிடந்தது.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயமில்லை. கிளியனூர்ப் பக்கம் அப்படிப்பட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. முதலாளியே தொல்லை கொடுத்தாலும் புகார் அங்கேதான். பொதுவாக மூன்று மாதத்துக்குள்.