பூட்டி வைத்த பட்டியல்: பக்ஸில்லாவின் கதை

இன்னைக்கு எபிசோட்ல பக்ஸில்லாவைப் பத்திப் பேசலாம். 1998-ல நெட்ஸ்கேப்ல டெர்ரி வைஸ்மேன் எழுதினது. முதல்ல டிசிஎல் மொழியில இருந்துச்சு. ஓப்பன் சோர்ஸா வெளிய விடும்போது பெர்லுக்கு மாத்தினாங்க. அதுக்கப்புறம் மொஸில்லாவோட பிழைகள் பெரும்பாலும் பதிவானது இங்கதான்.

பெரும்பாலான பிழைகளை யார் வேணும்னாலும் படிக்கலாம். பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும், சரிசெய்யற வரைக்கும் ஒரு சிலர் கண்ணுக்குத்தான் காட்டுவாங்க. ஊர்ல எந்தெந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லைன்னு எழுதி வச்ச நோட்டு மாதிரி. அது திருடன் கையில கிடைச்சா?

2014 அக்டோபர்ல செக் பாயிண்ட் ஆய்வாளர்கள் ஒரு வழியைக் காட்டினாங்க. கணக்கு தொடங்கும்போது நம்ம பேரைக் கேட்கும் இல்லையா, அந்த ஒரு புலத்துக்கே மூணு மதிப்பு அனுப்பினா, பெர்ல் அதை ஒரு பட்டியலா விரிச்சிடும். ரெண்டாவதும் மூணாவதும் ஏற்கெனவே சரிபார்த்த மின்னஞ்சல் முகவரி மேலயே போய் உட்கார்ந்துடும். முகவரியோட கடைசிப் பகுதியைப் பார்த்து பக்ஸில்லா தானா அனுமதி கொடுக்கற மாதிரி அமைச்சிருந்தா, வெளியாள் உள்ளாள் ஆயிடலாம்.

அடுத்த வருஷம் இன்னொண்ணு. 127 எழுத்தைத் தாண்டின முகவரியை மைஎஸ்கியூஎல் சத்தமில்லாம வெட்டிடும். வெட்டுப்பட்ட மிச்சம் வேற ஒரு நிறுவனத்தோட முகவரியா மாறிடலாம். பலனும் அதேதான்.

ஆனா நிஜத்துல நோட்டைத் திருடினவனுக்கு இதெல்லாம் தேவைப்படல. 2015 செப்டம்பர்ல மொஸில்லாவே விஷயத்தைச் சொல்லுச்சு. அனுமதி உள்ள ஒருத்தர் அதே பாஸ்வேர்டை வேற ஒரு தளத்துலயும் வச்சிருந்தார். அங்க கசிஞ்சது இங்க கதவைத் திறந்துடுச்சு. குறைஞ்சது ஒரு வருஷமா ஆள் உள்ள இருந்திருக்கான்.

அவன் பார்த்த மூடிய பதிவுகள் 185. அதுல தீவிரமான ஓட்டைகள் 53. அவன் பார்க்கும்போதே 43 சரியாகியிருந்துச்சு. மிச்சம் 10. அதுல ஒண்ணு சரியாக 335 நாள் ஆச்சு.

அந்தப் பத்துல ஒண்ணு பயன்படுத்தப்பட்டதாவே மொஸில்லா நம்புச்சு. ஒரு ரஷ்யச் செய்தித் தளத்துல வந்த விளம்பரம், பயர்பாக்ஸோட பிடிஎஃப் வியூவர் வழியா வாசகர்களோட கணினிக்குள்ள புகுந்து கோப்புகளைத் தேடி எடுத்துச்சு. செய்தி படிக்க வந்தவங்களுக்கு பக்ஸில்லான்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சிருக்காது. ஆகஸ்ட் 6-ம் தேதி அந்த ஓட்டையை அடைச்சாங்க.

அதுக்கப்புறம் அனுமதி உள்ளவங்க எல்லாரும் பாஸ்வேர்டை மாத்தணும், ரெண்டாவது சரிபார்ப்பும் வைக்கணும்னு ஆச்சு. அனுமதி உள்ளவங்க எண்ணிக்கையையும் குறைக்க ஆரம்பிச்சாங்க. எல்லாம் பூட்டைப் பலப்படுத்தற வேலை, அவசியமானதும்கூட. ஆனா அந்த 43 பேசாம இருந்ததுக்குக் காரணம் பூட்டு இல்ல, யாரோ நேரத்துக்கு உட்கார்ந்து சரிசெஞ்சதுதான். உங்க டீமோட டிராக்கர்லயும் மூடிய பதிவுகள் இருக்கும். அதுல ரொம்பப் பழசு எந்தத் தேதின்னு இன்னைக்கே ஒரு தடவை பாருங்க.