கங்காணி யாருடைய ஆள்?

இன்றைக்குக் கொஞ்சம் பழைய கதை. வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஆள் சேர்க்க வந்தவர் வெள்ளைக்காரத் துரை அல்ல, கங்காணி. பெரும்பாலும் நம் ஊர்ப்பக்கத்து ஆள், சில சமயம் உறவுக்காரர். நம் பேச்சிலேயே பேசுவார், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடிப்பார். நம்பாமல் என்ன செய்வார்கள்?

ஆள் சேர்க்கத் தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுத்தது. வழிச்செலவு, சாப்பாடு, துணி என்று அது தொழிலாளி பெயரில் கடனாக ஏறியது. தோட்டத்துக்குள் கால் வைக்கும் முன்பே அவர் கடன்காரர். தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும், தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தனியாகக் காசு கிடைத்தது. அப்புறம் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். வேறு தோட்டம் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டால்தான் இடம் மாறலாம். 1921இல்தான் இலங்கையில் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

கங்காணிகள் எல்லோரும் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். மொழி தெரியாத நாட்டில் சண்டை தீர்த்து வைத்ததும், நல்லது கெட்டதுக்கு முன்னால் நின்றதும் அவர்கள்தான். ஆனால் அவர்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மலாயாவில் 1907இல் முதலாளிகள் எல்லோரும் பணம் கட்டி ஒரு குடியேற்ற நிதி தொடங்கினார்கள். தொழிலாளியின் பயணச்செலவை அந்த நிதி ஏற்றது. கங்காணி அதே கங்காணிதான். ஆனால் பயணக் கடன் தொழிலாளியின் தலையில் விழவில்லை. எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் படுவது இதுதான்.

சென்ற மாதம் ஒரு பழைய மாணவி, “டீச்சர், ரெக்ரூட்டர் ரொம்ப அன்பாப் பேசுறார், அவர் என் பக்கம்தானே?” என்று கேட்டாள். அவருக்குப் பணம் கொடுப்பது யாரம்மா என்று திருப்பிக் கேட்டேன். கன்சல்டன்சிக்குக் கம்பெனிதான் பணம் தருகிறது, பல இடங்களில் முதல் ஆண்டுச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று. அப்படியானால் அவர் கம்பெனியின் ஆள். அதில் தப்பில்லை, தெரிந்து பழகினால் நல்ல உதவிதான். பதிவுக்கட்டணம், பயிற்சிக்கட்டணம் என்று உன்னிடமே காசு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடு என்றேன்.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகளுக்கு அரசுப் பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் பயோடேட்டாவை எந்தக் கம்பெனிக்கு அனுப்பினாலும் முதலில் உங்களிடம் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே கம்பெனிக்கு இரண்டு கன்சல்டன்சி அனுப்பிவிட்டால், கமிஷன் யாருக்கு என்ற தகராறில் உங்கள் பெயரையே ஓரம் கட்டிவிடுவார்கள். யார், எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.