சுண்ணக்கல்லும் பால்மரமும்: மூலக்கூற்றைக் காட்டிய கருவிகளின் வரலாறு

ஈப்போவுக்குத் தெற்கே உள்ள சிம்பாங் பூலாய் வட்டாரத்தை இரண்டு வெண்பொருள்களைக் கொண்டு நினைவுகூரலாம். ஒன்று, சுண்ணாம்புக் குன்றுகளில் வெட்டப்படும் கல். மற்றொன்று, பேராக் தோட்டங்களில் தமிழர் மங்குகளில் சேர்த்த ரப்பர் பால். இவற்றின் உள்ளமைப்பு எங்கே, எக்கருவியால், யார் செலவில் அறியப்பட்டது என்னும் வினாவை நம் தோட்ட வரலாற்று நூல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. கூலி, லயம், கங்காணி என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன.

கல்லின் வரலாறு சுருக்கமானது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹென்றி பிராக் ஊடுகதிர் நிறமாலைமானி ஒன்றை அமைத்தார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அவர் மகன் லாரன்ஸ் பிராக் விடுமுறையில் வந்து அதே கருவியில் ஆய்ந்தார். தந்தையுடையதாயினும் அது இரவல் கருவியே. 1913இல் வைரத்தின் அமைப்பை இருவரும் வெளியிட்டனர். சுண்ணக்கல்லின் கனிமமாகிய கால்சைட்டு 1914இல் மகன் வெளியிட்ட கட்டுரையில் இடம்பெற்றது. மறு ஆண்டே இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

பால் அவ்வளவு எளிதில் பிடிகொடுக்கவில்லை. ரப்பரில் ஐந்து கரியணுவுக்கு எட்டு நீரக அணு என்னும் விகிதத்தை ஃபாரடே 1826இல் கண்டறிந்தார். அவ்வணுக்கள் எவ்வாறு கோக்கப்பட்டுள்ளன என்பது ஒரு நூற்றாண்டு வரை தெளிவாகவில்லை. 1925இல் ஜே. ஆர். காட்ஸ் ரப்பரை ஊடுகதிரில் வைத்துப் படமெடுத்தார். இழுக்காத ரப்பர் மங்கலான வளையத்தையே தந்தது; இழுத்துப் பிடித்த ரப்பரோ படிகத்தைப் போலத் தெளிந்த புள்ளிகளைத் தந்தது. சிக்கிக் கிடந்த நீண்ட சங்கிலிகள் இழுக்கும்போது வரிசையில் நிற்கின்றன என்பதே இதன் பொருள். 1942இல் சி. டபிள்யூ. பன் இப்படிக அமைப்பை விரிவாக வெளியிட்டார்.

இத்தீபகற்பக் காடுகளிலேயே இதற்கோர் ஒப்புமை உண்டு. தாபான் மரத்தின் பாலாகிய கட்டாபெர்ச்சாவும் அதே அணுக்களால் ஆனது. ஆயினும் அதன் சங்கிலி டிரான்ஸ் வடிவினது. நேராக அடுக்கி விறைத்துவிடும். 1851இல் ஆங்கிலக் கால்வாயில் இடப்பட்ட தந்திக் கம்பிக்கு உறையானது அதுவே. ரப்பரின் சங்கிலி சிஸ் வடிவினது. வளைந்து கிடப்பதால் நீண்டு மீள்கிறது.

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். 1938இல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் பிரித்தானிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் செலவை மலாயா முதலிய நாடுகளின் ரப்பர் உற்பத்தியாளரிடம் பெற்ற தீர்வை தாங்கியது. அங்குப் பணியாற்றிய ஜி. ஏ. ஜெஃப்ரி, ரப்பர் அலகை ஒத்த சிறு மூலக்கூறொன்றின் படிக அமைப்பை 1945இல் வெளியிட்டார். அதே 1938இல்தான் மலாயாவில் தோட்டக் கூலி குறைக்கப்பட்டது. ஜூன் மாதம் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வுக்குத் தடை விதித்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. எனினும் ஒரே மரத்திலிருந்து வந்த பணம் ஆய்வுக்கூடத்திற்கு ஒதுக்கப்பட்டதும், மரம் வெட்டியவருக்குக் குறைந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன என்பதை வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டம் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுமானியின் காலம். திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படும் பெருங்காந்தம் கொண்ட இதனை ஒரு துறை தனக்கெனப் பேணுவது அரிது. எனவே வேதியியலார், உயிர்வேதியியலார், மருந்தியலார் எனப் பலரும் முறைவைத்து ஒரே கருவியைப் பயன்படுத்துவது பல்கலைக்கழக வழக்கமாயிற்று. டோக்கியோ வேளாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யசுயுகி தானாக்கா இம்முறையால் ரப்பர்ச் சங்கிலியின் முனைகளை ஆராய்ந்தார்; மலேசிய ரப்பர் ஆய்வாளரும் அவருடன் இணைந்து பணியாற்றினர். சங்கிலியின் தொடக்கத்தில் இரண்டு டிரான்ஸ் அலகுகள் உள்ளன, முனைகள் புரதத்தோடும் பாஸ்போலிப்பிடோடும் தொடர்புடையன என்பது அக்குழுவின் விளக்கம்.

இத்தகைய கட்டுரைகளில் மரத்தின் குலவழி ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பது போலத் துல்லியமாகப் பதிவாகிறது. பால் எடுத்த கை பதிவாவதில்லை. விடியுமுன் வெட்டினால் பால் மிகுதியாக ஒழுகும் என்பதை, மரத்தின் உள்ளழுத்தம் அளக்கப்படும் முன்பே வெட்டுக்காரர் அறிந்திருந்தனர். பேராக்கில் எஞ்சியுள்ள முன்னாள் வெட்டுத் தொழிலாளரிடம் வாய்மொழிப் பதிவு செய்யும் நம் மாணவர்கள், மங்கில் பால் எப்போது உறையும், ஒட்டுப்பால் ஏன் வேறுபடும், இலையுதிர் காலத்தில் பால் எவ்வாறு மாறும் என்பனவற்றையும் வினாப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.