இறைவணக்கக் கூட்டத்தில் ஓர் உறுதிமொழி

தமிழகப் பள்ளிகளின் இறைவணக்கக் கூட்டங்களில், ஒரு மாணவர் முன்னின்று சொல்ல மற்றவர்கள் வலக்கையை நீட்டித் திரும்பச் சொல்லும் தேசிய உறுதிமொழி, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து பிறந்ததன்று. விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக இருந்த எழுத்தாளர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ், சீனப் போர் நடந்த 1962-ஆம் ஆண்டில் அதைத் தெலுங்கில் எழுதினார். அரசியல் தலைவர் தென்னேட்டி விசுவநாதம் வழியாக ஆந்திரக் கல்வியமைச்சர் பி.வி.ஜி. ராஜுவிடம் சேர்ந்த அவ்வரிகள், மறு ஆண்டே அம்மாவட்டப் பள்ளிகளில் ஒலித்தன. கல்விக் கொள்கையில் மத்திய அரசுக்கு அறிவுரை கூறும் மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு, 1964-இல் எம்.சி. சாக்ளா தலைமையில் பெங்களூரில் கூடி, 1965 ஜனவரி 26 முதல் நாடெங்கும் அதைச் சொல்லச் செய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. எழுதியவரின் பெயர் நெடுங்காலம் பாடநூல்களில் அச்சாகாமலே போனது பெருங்குறை.

சொல்ல மறுக்கும் குழந்தையை என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. 1985-இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் ஒலிக்கும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், தங்கள் சமய நம்பிக்கை காரணமாகப் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் கைவிட்ட அவ்வழக்கில், 1986 ஆகஸ்ட் 11 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, பாடும்படி கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் நாட்டில் இல்லை என்றும், இந்நீக்கம் பேச்சுரிமையையும் மனச்சான்று உரிமையையும் மீறுவது என்றும் தீர்ப்பளித்து, பிள்ளைகளை மீண்டும் சேர்க்க ஆணையிட்டார்.

அத்தீர்ப்பு அலசிய அமெரிக்க வழக்குகளும் இதே சமயப் பிரிவினருடையவை. கொடி வணக்கக் கட்டாயம் செல்லும் என்று 1940-இல் கூறிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், உலகப் போர் உக்கிரமாக நடந்த 1943-இலேயே தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. போர்க்காலத்தில் ஒரு நீதிமன்றம் காட்டிய அத்துணிவு போற்றத்தக்கது.

நாட்டுப்பண் எல்லோரும் சேர்ந்து பாடும் வாழ்த்து. உறுதிமொழியோ ஒவ்வொரு குழந்தையும் தன் நெஞ்சைப் பற்றித் தானே கூறும் வாக்கு. ஆகவே 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் காப்பு உறுதிமொழிக்கு இன்னும் வலுவாகவே பொருந்தும். தமிழகப் பள்ளிகளில் வந்தே மாதரம் பாடப்பட வேண்டும் என 2017 ஜூலையில் ஆணையிட்ட சென்னை உயர் நீதிமன்றமும், தக்க காரணத்தால் பாட இயலாதவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்று அவ்வாணையிலேயே விலக்கு அளித்திருந்தது.