மடங்கும் புரொப்பெல்லர்

பாய்மரப் படகு காற்றில் ஓடும்போது, நிலையான புரொப்பெல்லர் நீரில் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும். அந்த இழுவையைத் தவிர்க்க, இதழ்கள் பின்புறமாக மொட்டுப்போலக் குவியும்படி அமைந்த வகை இது. தண்டு சுழன்றால் மையவிலக்கு விசை இதழ்களை விரிக்கும். நின்றால் எதிர்வரும் நீரே மூடிவிடும். டென்மார்க்கின் கோரி, ஃபிளெக்சோஃபோல்ட் பெயர்பெற்ற தயாரிப்புகள். ரிவர்ஸில் இழுவிசை சற்றுக் குறைவு. துறைமுகத்தில் படகை நிறுத்தப் பழகிக்கொள்ள வேண்டும்.

பொருத்துமுன், மடங்கிய இதழ்கள் சுக்கானில் இடிக்காதா என்று அளந்து பார்ப்பது முதல் வேலை. கூம்பிய தண்டுமுனையில், சாவியை (தண்டையும் குடத்தையும் பிணைக்கும் உலோகத் துண்டு) போடாமல் புரொப்பெல்லரின் மையக்குடத்தை ஏற்றி, அது எதுவரை போகிறது என்று கோடிட்டுக்கொள்வார்கள். சாவி போட்டபின்னும் அதே கோட்டைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சாவி குடத்தைத் தூக்கி நிற்கிறது என்று பொருள். பிறகு நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்கிப் பூட்ட வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை படகைக் கரையேற்றி, கீல் ஊசிகளின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். இதழ்களின் அடியிலுள்ள பற்களுக்கிடையே கொட்டலசு ஒட்டினால் இதழ்கள் முழுதாக விரியாமல் எஞ்சின் அதிரும். அரிப்பைத் தாங்கும் துத்தநாகத் துண்டு பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்கள்.