ஒரே விகித வருமான வரி: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

ஒரே விகித வருமான வரி என்பது, விலக்கு வரம்புக்கு மேல் வரும் எந்த வருமானத்துக்கும், தொகை சிறிதோ பெரிதோ, ஒரே சதவீதத்தில் வரி வாங்கும் ஏற்பாடு. அடுக்குகள் கிடையாது; கழிவுகளும் சலுகைகளும் அநேகமாக இருக்காது. அமெரிக்காவின் ஹூவர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹாலும் ஆல்வின் ரபுஷ்காவும் 1980களில் இதை முழுத் திட்டமாக வகுத்தார்கள். வரிப் படிவம் ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும் என்பது அவர்கள் சொன்ன கவர்ச்சி. இந்தியா இதை எந்தக் காலத்திலும் முழுமையாக ஏற்றதில்லை. ஆனால் தேனி மாவட்டத்தில், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில், ஏலக்காய், திராட்சை, வாழை, தேயிலை, லாரி என்று ஓடும் பொருளாதாரத்தில், இதன் துண்டு துணுக்குகள் பல பெயர்களில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளன. அவற்றைப் பார்த்தாலே இந்த யோசனையின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

இந்திய வருமான வரி 1860-இல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தது. 1922, 1961 சட்டங்களின் வழியே வளர்ந்து, 1973-74-இல் பதினோரு அடுக்குகளும் உபரி வரி சேர்த்து 97.75 சதவீத உச்சமும் கண்டது. 1985-இல் வி.பி. சிங் அடுக்குகளை நான்காக்கினார். 1997-இல் ப. சிதம்பரம் மூன்று அடுக்குகளின் விகிதங்களை 10, 20, 30 எனக் குறைத்தார். அதற்குப் பிறகு நாடு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 2025-26-இன் புதிய முறையில் 4 லட்சத்துக்கு மேல் 5, 10, 15, 20, 25, 30 என்று ஆறு விகிதங்கள். 1961 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவுகளை 536 ஆகக் குறைத்தது. விகிதங்களின் எண்ணிக்கையில் கை வைக்கவில்லை.

பழைய தீர்வை

வருமானத்தைப் பார்க்காமல் ஒரே கணக்கில் வரி வாங்குவது பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. போடிநாயக்கனூர் போன்ற ஜமீன்கள் தனி. மற்ற ஊர்களில் தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்ந்த ரயத்துவாரி முறை: மண்ணையும் பாசனத்தையும் பார்த்து நிலத்தைத் தரம் பிரித்து, ஏக்கருக்கு இவ்வளவு தீர்வை என்று முப்பது ஆண்டுக்கு நிர்ணயிப்பார்கள். 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்ட பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சையாக அறியப்பட்டது. விளைந்ததா, விலை போனதா என்பது தீர்வைக்குத் தெரியாது. மழை பொய்த்தால் வஜா, அதாவது தீர்வைத் தள்ளுபடி, கேட்டு மனுப் போட வேண்டும். எளிமையான வரிக்கு இது நல்ல உதாரணம். கணக்கு எளிது, கஷ்டம் கட்டுகிறவருக்கு. வஜா என்ற விதிவிலக்கு இல்லாமல் அந்த எளிமை ஓராண்டுகூடத் தாங்கியிருக்காது.

ஆயிரத்து நானூறு ரூபாய்

வருமான வரியில் இந்த நிலையான தீர்வைக்கு மிக நெருங்கிய முயற்சி 1992-இல் நடந்தது. தமிழரான பொருளாதார அறிஞர் ராஜா ஜே. செல்லையாவின் தலைமையில் 1991-இல் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழு, கணக்குப் புத்தகம் வைக்காத சிறு வியாபாரிகளை வலைக்குள் கொண்டுவர எளிய வழி வேண்டும் என்றது. ஆண்டு விற்றுமுதல் 5 லட்சத்துக்கும் வருமானம் 35,000 ரூபாய்க்கும் மிகாத கடைக்காரர் 1,400 ரூபாய் கட்டினால் போதும் என்று மன்மோகன் சிங்கின் பட்ஜெட் அறிவித்தது. கம்பம், சின்னமனூர் கடைவீதிகளில் உள்ளது போன்ற மளிகைக்கடையும் பாத்திரக்கடையும்தான் அதன் இலக்கு. ஆனால் ஐந்தாயிரம் லாபம் கூடியவரும் குறைந்தவரும் அதே 1,400 கட்டினார்கள். திட்டம் சில ஆண்டுகளே நீடித்தது. 1997-இல் சில்லறை வியாபாரிக்கு விற்றுமுதலில் 5 சதவீதம் லாபம் என்று வைத்துக்கொள்ளும் விதி வந்தது.

ஆடிட்டர்கள் இன்றும் 44ஏடி என்று சொல்லும் முறை அதன் வாரிசு. விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் அதில் 8 சதவீதமே லாபம் என்று காட்டலாம். வங்கி வழியோ டிஜிட்டல் வழியோ வந்த பணத்துக்கு 6 சதவீதம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மிகாவிட்டால் வரம்பு 3 கோடி. ஆனால் கமிஷன், தரகு வாங்குகிறவருக்கு இது பொருந்தாது. வாழைத்தார் மண்டியில் சரக்கைச் சொந்தமாக வாங்கி விற்பவர் இதற்குள் வருவார். பக்கத்துக் கடையில் விவசாயியின் தாரை விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுப்பவர் வரமாட்டார். இரண்டு கடைக்கும் வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

தோட்டமும் வியாபாரமும்

சிக்கலின் மையம் விகிதத்தில் இல்லை, எது எந்த வருமானம் என்று பிரிப்பதில் இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது. அரசியல் சட்டம் அதை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. நிலத்தில் உழைப்பும் செலவும் போட்டு விளைவித்ததே விவசாயம் என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் பினோய் குமார் சகஸ் ராய் வழக்கில் வரையறுத்தது. ஏலத்தோட்டக்காரர் பச்சைக்காயைப் பறித்து ஸ்டோரில் உலர்த்திப் போடிநாயக்கனூர் ஏலத்துக்கு அனுப்பினால் அது விவசாய வருமானம். உலர்த்தாமல் சந்தைக்கு அனுப்ப முடியாது என்பதால் அதுவும் விவசாயத்தின் பகுதி. அதே காயை ஏலத்தில் எடுத்து வெளியூருக்கு விற்பவருக்கு வருவது வியாபார லாபம். பன்னீர் திராட்சைப் பந்தலை நின்ற நிலையில் மொத்தமாக விலை பேசி அறுத்துப்போகும் வியாபாரியின் லாபமும் விவசாயம் ஆகாது. மேகமலையில் தேயிலையைத் தானே பயிரிட்டுத் தானே தூளாக்கும் எஸ்டேட்டுக்கு மட்டும் ஒரு பழைய சமரசம்: வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில். இந்தச் சண்டைகளில் தெளிவாகத் தீர்ந்தது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. தீர்த்ததும் ஒரு நிலையான விகிதமே.

தோட்டமும் வியாபாரமும் ஒருவரிடமே இருந்தால்? 1972-இல் கே.என். ராஜ் குழு சொன்னபடி, விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் அதை வரி போடாமலே விகிதக் கணக்கில் மட்டும் சேர்ப்பார்கள். ஓர் ஏலக்காய் வியாபாரிக்கு வியாபார லாபம் 16 லட்சம் என்று கொள்வோம். 2025-26 புதிய முறையில், செஸ் நீங்கலாக, வரி 1,20,000 ரூபாய். அவருக்கே தோட்டத்தில் 8 லட்சம் வருமானமும் இருந்தால், மொத்தம் 24 லட்சத்துக்கு வரி 3,00,000. அதிலிருந்து தோட்ட வருமானத்தோடு விலக்கு வரம்பு 4 லட்சத்தைச் சேர்த்த 12 லட்சத்துக்கான 60,000 கழிந்து, கட்ட வேண்டியது 2,40,000. வரி போடக்கூடாத வருமானம், வரியை இரட்டிப்பாக்கிவிடுகிறது. பலருக்கு இது ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும்.

ஒரே விகிதம் வந்தால் இந்தக் கணக்கு தானாக உதிர்ந்துவிடும். விகிதம் 15 சதவீதம், விலக்கு அதே 4 லட்சம் என்றால், தோட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 16 லட்சத்துக்கு வரி 1,80,000. மேலே ஏறுவதற்கு அடுக்கே இல்லாதபோது விவசாய வருமானத்தைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை. ஒரே விகிதத்தால் உண்மையாகவே கிடைக்கும் எளிமை இந்த ஒன்று. ஏலக்காய் ஸ்டோரிலிருந்து வந்ததா ஏலத்திலிருந்து வந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கும். வரிக்குள்ளும் வெளியிலுமாக இரண்டு வருமானங்கள் இருக்கும்வரை, வியாபார லாபத்தைத் தோட்டத்தில் விளைந்ததாகக் காட்டும் ஆசையும், சிட்டா அடங்கலை வைத்து அதை அதிகாரி சோதிப்பதும் நிற்காது.

யார் சுமப்பது என்ற கேள்வியும் உண்டு. இன்று 8 லட்சம் லாபமுள்ள கடைக்காரருக்கு அடுக்குப்படி வரும் 20,000 ரூபாயும் 12 லட்சம் வரையிலான தள்ளுபடியில் நீங்கிவிடுகிறது. 15 சதவீத ஒரே விகிதத்தில் அவர் 60,000 கட்டுவார். 50 லட்சக்காரரின் வரி 10.8 லட்சத்திலிருந்து 6.9 லட்சமாக இறங்கும். ஒரே விகிதத்தை முயன்ற நாடுகளில், எஸ்டோனியா 1994-இல் 26 சதவீதத்தில் தொடங்கி இன்றும் ஒரே விகிதத்தை வைத்திருக்கிறது. ஸ்லோவாக்கியா 2004-இல் 19 சதவீதத்தில் தொடங்கி 2013-இல் கைவிட்டது. 2001-இல் 13 சதவீதம் என்று உலகமே பேசிய ரஷ்யா, 2021-இல் பணக்காரர்களுக்கு இரண்டாவது விகிதம் கொண்டுவந்து, 2025-இல் ஐந்து அடுக்குக்கு வந்து சேர்ந்தது.

எல்லையும் லாரியும்

மறைமுக வரியிலும் ஒரே விகிதத்தின் சாயல் உண்டு. ஜிஎஸ்டியின் இணக்க முறையில் ஒன்றரைக் கோடி வரை விற்கும் வணிகர் விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு ஒதுங்கலாம். நிபந்தனை, வேறு மாநிலத்துக்கு விற்கக் கூடாது. கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் மலைப்பாதை ஏறினால் குமுளி, அதாவது கேரளம். பள்ளத்தாக்கின் வியாபாரத்துக்கு இயல்பான சந்தை அந்தப் பக்கம்தான். எனவே குமுளிக் கடைக்குச் சரக்கு போடும் கம்பம் வணிகருக்கு இந்த எளிமை கிடையாது. பச்சைக் காய்கறிக்கும் பழத்துக்கும் வரியே இல்லாததால் மண்டிக்காரர் தப்பித்தார். ஏலக்காய்க்கு 5 சதவீதம்.

ஒரே விகிதத்தின் மிகத் தூய வடிவம் லாரிக்காரரிடம் இருக்கிறது. பத்து வண்டிக்கு மிகாமல் வைத்திருப்பவருக்கு, சிறிய சரக்கு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று சட்டமே எழுதிக்கொள்கிறது. மொத்த எடை 12 டன்னுக்கு மேற்பட்ட லாரியென்றால் டன்னுக்கு மாதம் 1,000. நான்கு குட்டியானை வைத்து வாழைத்தார் ஏற்றுபவரின் ஆண்டு வருமானம் இந்தக் கணக்கில் 3,60,000. வேறு வருமானம் இல்லையென்றால் வரி இல்லை. 28 டன் லாரி ஒன்று வைத்திருப்பவருக்கு 3,36,000. வண்டி போடி மெட்டில் ஓடினாலும் பட்டறையில் நின்றாலும், சொந்தத்தில் இருந்த மாதமெல்லாம் கணக்கில் சேரும். உண்மை லாபம் அதைவிடக் குறைவு என்று சொல்ல விரும்புகிறவர் கணக்குப் புத்தகம் எழுதித் தணிக்கை செய்து காட்ட வேண்டும்.